பாசி எங்கே பிடிக்க வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம்

“பாசிக்கு என்ன மருந்து ஊற்றுகிறீர்கள்?” பெரிய கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் மருந்து எதுவும் ஊற்றுவதில்லை. என் தொட்டியில் பாசி நன்றாகவே வளர்கிறது. வாரந்தோறும் ஒரு கைப்பிடி பிழிந்து எடுக்கிறேன். ஆனால் அது வளர்வது மீன்கள் இருக்கும் இடத்தில் இல்லை; கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப்பில் (மேல் தொட்டித் தண்ணீர் இறங்கிச் சுத்தமாகி மறுபடி மேலே போகும் துணைத் தொட்டி), அதற்கென்றே தொங்கவிட்டிருக்கும் ஒரு பிளாஸ்டிக் வலையில்.

வெளிச்சமும் தண்ணீரும் சத்தும் சேர்ந்து இருக்கும் இடத்தில் பாசி வராமல் இருக்காது. மேல் தொட்டியில் பாறை, கண்ணாடி, மணல் மூன்றுமே அதற்குத் தோதான இடங்கள். நம்மால் முடிந்தது, இவற்றைவிட வசதியான ஓர் இடத்தை அதற்குக் கட்டிக் கொடுப்பதுதான். அந்த வசதியில் பெரும்பங்கு வெளிச்சம் அல்ல, தண்ணீரின் ஓட்டம். பாசிக்கு ஒரு பதிவு, நீரோட்டத்துக்கு ஒரு பதிவு என்று பிரித்து எழுதலாம் என்றுதான் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் எங்கே பிரிப்பது என்று தெரியவில்லை.

முதலில் தொட்டியைச் சொல்லிவிடுகிறேன். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். கணக்குப்படி 850 லிட்டர். பாறையும் மணலும் அடைத்துக்கொள்வதைக் கழித்து, சம்ப்பைச் சேர்த்தால், ஓடுகிற தண்ணீர் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர். சென்னையில் தரைத்தள வீடு என்பதால் ஒரு டன்னுக்கு மேற்பட்ட இந்த எடையைப் பயமில்லாமல் வைக்க முடிந்தது. உள்ளே கல்பவளம் ஒன்றுகூட இல்லை. கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. ‘லைவ் ராக்’ என்று விற்கப்படுவதிலும் பெரும்பகுதி கடலிலிருந்து பெயர்த்த பவளப்பாறைதான். அதனால் நான் வைத்திருப்பது செராமிக் பாறை. சில மாதங்களில் அதன் துளைகளிலும் பாக்டீரியா குடியேறி, கழிவைச் சிதைக்கும் வேலையைப் பார்க்கிறது. மீன்களில் க்ளௌன் மீன்கள் குஞ்சுப் பண்ணையில் பிறந்தவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இவற்றைப் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். மற்றவை ஒரு ஓரா, வரிபோட்ட சர்ஜன் மீன் ஒன்று, கொஞ்சம் டாம்சல். பவளம் இல்லாத தொட்டிக்கு நீரோட்டம் எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். மீனுக்கும் பாறைக்கும் அது வேண்டும். தவிர, பாசி பவளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வருவதில்லை.

பாசி எதைத் தின்று வளர்கிறது? நாம் மீனுக்குப் போடும் தீனியைத்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். உலர் தீனியில் பாஸ்பரஸ் சுமார் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். பாஸ்பேட்டாக மாறும்போது ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு அது 30 மில்லிகிராம் ஆகிறது. ஆயிரம் லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம். பவளப்பாறைக் கடலில் பாஸ்பேட் பெரும்பாலும் இந்த அளவைத் தொடுவதே இல்லை. நாமோ தினமும் நாலைந்து கிராம் போடுகிறோம். அதில் கொஞ்சம் மீனின் உடம்பில் சேர்கிறது, மிச்சமெல்லாம் தண்ணீருக்குத்தான். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு ‘எனக்கு மட்டும் ஏன் பாசி வருகிறது’ என்ற கேள்விக்கே இடமில்லை. இவ்வளவு பாஸ்பேட் எந்த வழியாக வெளியே போகிறது என்பதுதான் கேள்வி.

இன்னொரு வரவு, ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக நாம் ஊற்றும் நல்ல தண்ணீர். சென்னைக் கோடையில் இந்த அளவுத் தொட்டியிலிருந்து தினமும் பல லிட்டர் ஆவியாகும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். அதில் இருந்த உப்பு, சிலிக்கா, நைட்ரேட் எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். லாரித் தண்ணீரையோ போர் தண்ணீரையோ நேரடியாக ஊற்றிக்கொண்டே இருந்தால் இவை மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும். ஆர்.ஓ. மட்டும் போதாது, அதற்குப் பின்னால், கரைந்திருக்கும் மிச்ச உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசினும் வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ரெசின் களைத்துப்போகத் தொடங்கும்போது முதலில் நழுவி வருவது சிலிக்கா. மீட்டர் அதைச் சரியாகப் பிடிக்காது. பழைய தொட்டியில் திடீரென்று கண்ணாடியெல்லாம் பழுப்புத் தூள் படிந்தால் நான் முதலில் மாற்றுவது ரெசினைத்தான். அந்தப் பழுப்பு டயாட்டம். தன் கூட்டைச் சிலிக்காவில் கட்டுகிற உயிர். புதுத் தொட்டியில் எல்லோருக்கும் வரும், சிலிக்கா தீர்ந்ததும் தானே போய்விடும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியவை வேறு. எல்லாவற்றையும் ‘பாசி’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதி வைத்தியம் தப்பிப் போகிறது. மணல் மேல் செந்நிறமாகவோ ஊதாவாகவோ வழவழவென்று படலம் படிந்து, அதற்கு அடியில் காற்றுக்குமிழ் சிக்கியிருந்தால் அது சயனோ. பாசியே அல்ல, பாக்டீரியா. குழாயை வைத்து உறிஞ்சினால் முழுத் தாளாகக் கிளம்பி வரும். பச்சை முடிபோல் நீண்டு ஆடுவது முடிப்பாசி. அதைப் போலவே இருந்தாலும் நுனியில் இறகு அமைப்பு தெரிந்தால் பிரையாப்சிஸ், இது பிடிவாதக்காரன். பச்சைக் கண்ணாடி மணியாக ஒட்டியிருப்பது வலோனியா. அதை உடைக்காமல் அடியோடு பெயர்த்து எடுக்க வேண்டும். பாறையில் இளஞ்சிவப்பாக, ஊதாவாகப் பூச்சுப்போல் கெட்டியாகப் படர்வது கோரலைன். அது வந்தால் சந்தோஷப்படுங்கள். அது பிடித்த பாறையில் முடிப்பாசிக்கு வேர்பிடிக்கும் இடம் குறைகிறது.

பழுப்பாக, சளிபோல இழைந்து, ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு குமிழைத் தூக்கிக்கொண்டு நிற்பது டைனோ. சயனோவோ டயாட்டமோ என்று சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. கொஞ்சம் உறிஞ்சி ஒரு சின்ன பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், டைனோ என்றால் தெளிந்த தண்ணீருக்குள் மறுபடி ஒன்றுகூடி இழையாகத் திரண்டிருக்கும். ஒரு செல் உயிர்கள் நீந்தி வந்து சேர்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

டைனோவை இவ்வளவு சொல்லக் காரணம், அது வருவது அழுக்குத் தொட்டியில் இல்லை. பாசி மேல் உள்ள கோபத்தில் பாஸ்பேட் உறிஞ்சியை நிறையப் போட்டு, நைட்ரேட்டையும் வழித்தெடுத்து, இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த தொட்டிகளில்தான் அது அதிகம் தலைதூக்குகிறது. போட்டி போடும் மற்ற பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒடுங்கியதும் அதற்கு மைதானம் காலி. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்று கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பதே நல்லது என்பது என் முடிவு. பூஜ்யத்தைத் துரத்தாதீர்கள் என்று புதிதாகத் தொட்டி வைக்கும் ஒவ்வொருவரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

சரி, அந்த வலைக்கு வருவோம். இதன் மூலவர் வால்டர் ஏய்டி, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பணியாற்றிய பாசியியல் அறிஞர். கரிபியக் கடலின் பவளத்திட்டுகளைப் பல வருடம் ஆராய்ந்தவர். சத்தே இல்லாத தெளிந்த தண்ணீரில், அலை அடித்துக்கொண்டே இருக்கும் திட்டின் மேல், ஒரு விரற்கடைகூட உயரமில்லாத கட்டைப் பாசி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை அவர் கவனித்தார். மீன்கள் மேய மேய அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. இதையே தொட்டிக்கு வெளியே ஒரு தட்டில் வளர்த்தால் என்ன? மேல் விளக்கு, தட்டில் வலை, ஒரு பக்கம் வாளி. வாளி நிறைந்ததும் தானே கவிழ்ந்து தட்டின் மேல் அலையாகப் பாயும், மறுபடி நிறையும். மீன் மேய்வதற்குப் பதிலாக மனிதன் சுரண்டி எடுப்பான். 1980-ல் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பவளத்திட்டுத் தொட்டி இப்படித்தான் சுத்தமாக இருந்தது. 1982-ல் அவருக்கு இதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. அரிசோனாவில் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் அடைந்து வாழ்ந்த பயோஸ்ஃபியர் 2 கட்டடத்தின் செயற்கைக் கடலுக்கும் இதே பாசித் தட்டுகள் இருந்தன. உள்ளே இருந்தவர்களே கையால் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள்.

வாளி ஏன் கவிழ வேண்டும், குழாயைத் திறந்துவிட்டால் போதாதா? இங்கேதான் ஓட்டத்தின் சூட்சுமம். எந்தப் பரப்பின் மேலும் தண்ணீர் ஓடும்போது, பரப்பை ஒட்டிய மெல்லிய ஒரு படலம் கிட்டத்தட்ட நகராமல் நிற்கிறது. பாசி இழைக்குச் சத்து அந்தப் படலத்தை ஊடுருவித்தான் வர வேண்டும், அது விடும் ஆக்சிஜனும் அதே வழியாகத்தான் போக வேண்டும். அலை வந்து அடித்து, திரும்பி, மறுபடி அடிக்கும்போது அந்தப் படலம் குலைந்து மெலிகிறது. இழைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வதால், மேலே இருப்பது கீழே இருப்பதற்கு வெளிச்சத்தை மறைப்பதும் நீங்குகிறது. ஆக, பாசிக்கு ஓட்டம் பிடிக்கும். மிகவும் பிடிக்கும்.

‘ஃப்ளோவைக் கூட்டுங்கள், பாசி போய்விடும்’ என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஓட்டத்தைக் கூட்டினால் சயனோ பெரும்பாலும் பின்வாங்கும், ஏனென்றால் அது தேங்கிய இடத்தில் அழுக்கின் மேல் உட்கார்ந்து வாழ்வது. முடிப்பாசி பின்வாங்காது, இன்னும் செழிப்பாக ஆடும். மேல் தொட்டியில் ஓட்டம் தேவைப்படுவது வேறு காரணத்துக்காக: மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் கீழே படிந்து அழுகுவதற்கு முன் அவற்றைத் தூக்கி, தண்ணீர் கீழே இறங்கும் ஓவர்ஃப்ளோ வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க. சம்ப்புக்கு வந்துவிட்டால் கசடை வடிகட்டும் துணிப்பையும் நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் பாசி வலையும் பார்த்துக்கொள்ளும்.

என் வலை ஏய்டியின் வாளி முறை இல்லை. இப்போது பலரும் வைத்திருக்கும் அருவி முறை: ஒரு பி.வி.சி. குழாயின் அடியில் நீளமாக ஒரு கீறல், அதில் செருகித் தொங்கும் பிளாஸ்டிக் எம்ப்ராய்டரி வலை, இரண்டு பக்கமும் சிவப்பு எல்.இ.டி. தண்ணீர் இருபுறமும் தகடாக வழிந்து இறங்கும். வலையின் அகலத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் மணிக்குச் சுமார் 130 லிட்டர் வேண்டும் என்பது இதைச் செய்பவர்களிடையே புழங்கும் அளவு. எட்டு அங்குல வலைக்கு ஆயிரம் லிட்டரைத் தாண்டிவிடுகிறது. வலை வழவழப்பாக இருந்தால் பாசி பிடிக்காது. மரம் அறுக்கும் துளை ரம்பத்தால் இரண்டு பக்கமும் தாறுமாறாகக் கீறி, விரலால் தடவினால் முள் குத்துகிற மாதிரி ஆக்க வேண்டும். முதலில் பழுப்புக் கசடு, அப்புறம் கறுப்புத் தார் மாதிரி ஒன்று, கடைசியில்தான் நல்ல பச்சை வரும். பச்சைக்கு வராமல் கறுப்பிலேயே நின்றால் தண்ணீரில் சத்து மிக அதிகம் அல்லது வெளிச்சம் குறைவு என்று அர்த்தம்.

வாரம் ஒருமுறை குழாயோடு கழற்றி சிங்க்குக்குக் கொண்டுவருவேன். பழைய டெபிட் கார்டால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பச்சை மொத்தமாகச் சுருண்டு வரும், பிழிந்தால் கையில் நிற்கும். பாசியை முழுதாக வழித்துவிடக் கூடாது, வேர்ப்பூச்சு வலையில் இருக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசுவேன், வலையில் குடியேறிப் பாசி வேரைத் தின்னும் சின்னப் பூச்சிகள் உப்பில்லாத தண்ணீரில் செத்துவிடும். முக்கியமான இடம் அந்தக் கீறல். வெளிச்சம் கீறலுக்குள் பட்டால் அங்கேயும் பாசி முளைத்து வழியை அடைக்கும். ஒரு பக்கம் வலை உலர்ந்துபோகும், மறு பக்கம் தண்ணீர் பீச்சியடிக்கும். குழாய்க்கும் வலைக்கும் நடுவே கறுப்பு அக்ரிலிக் பட்டை ஒன்றைத் தொப்பியாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சில சமயம் வலை வெளிறி மஞ்சளாகும், பாஸ்பேட் மட்டும் அப்படியே நிற்கும். காரணம் பெரும்பாலும் நைட்ரேட் தீர்ந்துபோவது. ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1930களில் தொடங்கிய ஆய்வு, மிதவை உயிர்களில் கரிமம், நைட்ரஜன், பாஸ்பரஸ் 106:16:1 என்ற விகிதத்தில் இருப்பதைக் காட்டியது. அவர் பெயரிலேயே அந்த விகிதம் வழங்குகிறது. பாறையைப் பிடித்து வளரும் கடல் பாசிகளுக்கு அது 550:30:1 என்ற அளவில் இருப்பதாக அட்கின்சனும் ஸ்மித்தும் 1983-ல் கணக்கிட்டார்கள். அதாவது, வலையில் வளரும் பாசி ஒரு பங்கு பாஸ்பரஸை எடுக்க முப்பது பங்கு நைட்ரஜன் கேட்கிறது. நைட்ரேட் முடிந்தால் வேலை நின்றுவிடும். அப்போது நான் தீனியைக் குறைப்பதில்லை, சோடியம் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறேன். பாசியை ஒழிக்க உரம் போடுவதா என்று கேட்பார்கள். ஆமாம், வலைக்குத்தான் போடுகிறேன்.

வலைக்குப் பதிலாக சம்ப்பில் ஒரு அறை ஒதுக்கி கீட்டோமார்ஃபா என்ற இழைப்பாசியை வளர்ப்பவர்களும் உண்டு, அதுவும் நல்ல வழிதான். காலர்பா என்ற பாசி மட்டும் வேண்டாம். ஒரு நாள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகி, உள்ளிருப்பதையெல்லாம் கொட்டித் தண்ணீரைப் பால்போல் ஆக்கிவிட்டு வெறும் தோலாகச் செத்துப்போகும். இதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் உயிரியல் பூங்காத் தொட்டிகளில் குளிரைத் தாங்கிச் செழித்த காலர்பா டாக்ஸிஃபோலியா, கை மாறி மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 1984-ல் அந்தக் கட்டடத்துக்குக் கீழே கடலில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் அளவுக்கு அது வளர்ந்திருந்ததைப் பார்த்தார்கள். அப்படியே விட்டார்கள். அதன் பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் படர்ந்தது. 2000-ல் கலிபோர்னியாவின் ஒரு காயலில் அது தென்பட்டபோது தார்ப்பாய் போட்டு மூடி, குளோரின் விட்டு அழித்தார்கள். முழுதாக ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று.

நமக்கும் ஒரு கதை உண்டு. வளர்ப்புக்காக மண்டபம் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்து மூடியிருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதனால்தான் சொல்கிறேன்: தொட்டியிலிருந்து எடுத்த பாசியைக் கடற்கரையில் வீசாதீர்கள், தொட்டித் தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். நான் பாசியை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, மொட்டைமாடியில் சருகாகும் வரை காயவைத்த பிறகே குப்பைக்கு அனுப்புகிறேன்.

இனி மேல் தொட்டியின் ஓட்டம். தண்ணீரை சம்ப்பிலிருந்து ஏற்றும் ரிடர்ன் பம்பு மணிக்கு மூன்று நான்கு சுற்று கொடுத்தால் போதும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு ஏற்றமே இல்லாத நிலையில் எடுத்தது. ஐந்தடி உயரமும் இரண்டு எல்போவும் தாண்டும்போது கணிசமாகக் குறைந்துவிடும். அதைப் பார்த்து வாங்குங்கள். உள்ளே சுழற்றும் வேலை வேவ்மேக்கருக்கு. ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு மணிக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் லிட்டர் என்றெல்லாம் பேசுவார்கள். அந்த எண் எனக்கு முக்கியமில்லை. எங்கே தண்ணீர் நிற்கிறது என்பதுதான் முக்கியம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: விளக்கெல்லாம் அணைந்த பிறகு மணலை லேசாகக் கிளறிவிட்டு, தொட்டியின் ஒரு முனைக் கண்ணாடியில் டார்ச்சை ஒட்டவைத்துப் பிடியுங்கள். வெளிச்சக் கற்றைக்குள் ஒவ்வொரு துகளும் போகும் பாதை தெரியும். ஓவர்ஃப்ளோவை நோக்கி நீளமாக ஓடுபவை, பாறைக்குப் பின்னால் போய் வட்டம் சுற்றுபவை, ஒரு மூலையில் மெதுவாக இறங்கி உட்காருபவை. உட்காரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சயனோ அங்கேதான் முளைக்கும்.

இரண்டு பம்புகளை எதிரெதிர் முனையில் வைத்து, தண்ணீர் பாறையைச் சுற்றி ஒரே திசையில் வட்டமாக ஓடும்படி வைப்பது பலருடைய பழக்கம். பார்க்க வேகமாக இருக்கும். ஆனால் டம்ளரில் டீயைக் கலக்கினால் தூள் ஓரத்துக்குப் போகாமல் நடு அடியில் குவிகிறதே, அதேதான் இங்கேயும் நடக்கும். அடித்தளத்தின் உராய்வால் அங்கே சுழற்சி தளர்ந்து, தண்ணீர் நடுவை நோக்கி உள்ளிழுக்கப்படுகிறது என்று ஐன்ஸ்டைன் 1926-ல் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார். தொட்டியில் அந்த நடு, பாறைக் குவியலின் அடிப்பகுதி. கையும் குழாயும் எட்டாத இடம். அதனால் சுழற்சி ஒரே திசையில் நீடிக்கக் கூடாது. ஒரு பம்பு சில நிமிடம் ஓங்கி அடித்துத் தணிய, மற்றது எழ வேண்டும். பாறையையும் மணலில் பரப்பி வைக்காமல் அக்ரிலிக் கால்களின் மேல் தூக்கி வைத்து, பின் கண்ணாடியிலிருந்து ஒரு கை நுழையும் அளவு தள்ளி வைத்திருக்கிறேன். என் தொட்டியில் சயனோ குறைந்ததற்கு விலை உயர்ந்த பம்பைவிட அந்த இடைவெளிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முழுத் தொட்டியையும் ஊஞ்சலாட வைக்கவும் முடியும். ஆறடி நீளம், இரண்டடி ஆழத்துக்கு அந்த ஊசலின் காலம் கணக்குப்படி ஏறக்குறைய 1.7 விநாடி. வேவ்மேக்கரை அந்தத் தாளத்துக்கு இசைத்தால் சின்ன பம்பே ஆயிரம் லிட்டரையும் அசைத்துவிடும். அவ்வளவு அழகு. ஆனால் கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் இணைப்புகளிலும் ஸ்டாண்டிலும் அந்த எடை முன்னும் பின்னும் மோதிக்கொண்டே இருக்கும். இரும்பு ஃபிரேமும் கனமான கண்ணாடியும் இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம்.

இந்த ஊசலை நிஜ அளவில் செய்து காட்டியது கலிபோர்னியாவின் மான்டரே பே அக்வேரியம். 1984-ல் திறந்தபோதே 28 அடி ஆழத் தொட்டியில் கெல்ப் காட்டை உயிரோடு வளர்த்தார்கள். கெல்ப்பும் பாசி இனம்தான். தேங்கிய தண்ணீரில் அது வாழாது, அதன் இலைகள் சத்தை எடுக்க ஓயாத அசைவு வேண்டும். அதற்காக உந்தி இழுக்கும் அலை இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் பேக்கர்ட் அதை வடிவமைப்பதில் நேரடியாக ஈடுபட்டார். பகலில் பார்வையாளர்களுக்காக வடிகட்டிய கடல்நீர் விடுகிறார்கள், இரவில் வடிகட்டாத நீரை அப்படியே விடுகிறார்கள். அதில் வரும் வித்துகளும் இளம் உயிர்களும் பாறைகளில் தாமே வந்து ஒட்டுகின்றன. பாசியை வளரவிட்டு, அலையைக் கொடுத்து, முக்குளிப்பவர்கள் அதிகப்படியைக் கத்தரித்து எடுக்கிறார்கள். நம் வீட்டு அலமாரிக்குள் நடப்பதும் இதுதான்.

ஓட்டம் நின்றால் என்ன ஆகும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். 26 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் ஆறரை மில்லிகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்; நல்ல தண்ணீரைவிடக் குறைவு. கரண்ட் போனால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் நிற்கும், சூடு ஏற ஏற ஆக்சிஜன் இன்னும் இறங்கும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. சில்லரையும் விளக்கையும் இன்வெர்ட்டரில் போடத் தேவையில்லை. ஒரே ஒரு வேவ்மேக்கர், நீர்மட்டத்தைக் கலக்கும்படி மேல்நோக்கித் திருப்பியது, அது மட்டும் பேட்டரியில் ஓடினால் போதும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளெல்லாம் என் தொட்டி இப்படித்தான் கடக்கிறது.

கரண்ட் போகும்போது இன்னொன்றும் நடக்கிறது. ரிடர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் இருப்பதால், பம்பு நின்ற நொடியில் சைஃபன் பிடித்து மேல் தொட்டித் தண்ணீர் கீழே சம்ப்புக்கு இறங்கத் தொடங்கும். அதை முறிக்கத்தான் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்ன ஓட்டை போடுகிறோம். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் ஓட்டை காற்றை இழுத்து சைஃபனை உடைக்கும். ஓட்டை விளக்குக்கு நேர் கீழே இருக்கிறது. முதலில் அங்கே ஒரு பச்சைப் புள்ளி, பிறகு அதன் மேல் கோரலைன் பூச்சு, ஒரு நாள் முழுதாக மூடிவிடும். மூடியது யாருக்கும் தெரியாது, அடுத்த மின்தடை வரை. என் நண்பர் ஒருவர் வீட்டில் இரவில் கரண்ட் போய், காலையில் ஹால் முழுக்க உப்புத் தண்ணீர். தண்ணீர் துடைத்தால் போய்விடும், மரச் சாமான்களில் ஏறிய உப்பு போகாது. பல்குத்தும் குச்சியை விட்டு அந்த ஓட்டையை வாராவாரம் குத்திவிடுங்கள். அதை மட்டும் நம்பாமல், ஓட்டை அடைத்திருந்தாலும் இறங்கும் தண்ணீரைக் கொள்ளும் அளவுக்கு சம்ப்பில் இடம் விடுங்கள். ஓவர்ஃப்ளோவின் சீப்புப் பற்களிலும் இதே கதை: பாசி இடைவெளியைக் குறைக்கும், நத்தை ஒன்று வந்து உட்காரும், மேல் தொட்டி மட்டம் ஏறும். இரண்டாவது அவசர வடிகுழாய் இல்லாத பெரிய தொட்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

மேயும் உயிர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை தேவை, அவ்வளவுதான். எவ்வளவு தேவை என்பதற்குக் கரிபியக் கடலே சாட்சி. 1983-ல் பனாமா பக்கம் தொடங்கிய நோய், நீண்ட முள் கொண்ட டயடெமா கடல்முள்ளிகளைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. ஏற்கெனவே பாசி மேயும் மீன்களையெல்லாம் பிடித்துத் தீர்த்திருந்த ஜமைக்காவில், 1970களில் பாதிக்கு மேல் பவளம் மூடியிருந்த திட்டுகள் 1990களின் தொடக்கத்தில் ஐந்து சதவீதத்துக்கும் கீழே போயின. அந்த இடத்தைப் பாசி எடுத்துக்கொண்டது. என் தொட்டியில் அந்த வேலையைச் செய்வது ஓரா. பாக் நீரிணைக் கரையில் குழம்புக்குப் பேர்போன அதே மீன் குடும்பம்தான். முதுகு முள்ளில் விஷம் உண்டு, கையை விடும்போது கவனம். வரி சர்ஜன் மீனுக்கு நீந்த நீளமான தொட்டி வேண்டும். மூன்றடித் தொட்டிக்காரர்கள் பாசிக்காக அதை வாங்கிச் சிறை வைக்கக் கூடாது.

மருந்துகள்? பிரையாப்சிஸுக்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து வேலை செய்கிறது, அது ஒன்றுக்கு மட்டும் நான் மறுப்பு சொல்ல மாட்டேன். இரும்பு ஆக்சைடு பாஸ்பேட் உறிஞ்சியைக் கொஞ்சமாக, மெதுவாகப் பயன்படுத்தலாம். பாஸ்பேட்டைப் படியவைக்கும் லாந்தனம் குளோரைடு பெரிய தொட்டிகளில் அனுபவம் உள்ளவர்கள் கையில் இருக்க வேண்டிய பொருள். அதன் பால்போன்ற படிவு வடிகட்டப்படாமல் தொட்டிக்குள் போனால் சர்ஜன் மீன்களுக்கு ஆபத்து. மற்ற பாட்டில்களுக்கு என் அலமாரியில் இடமில்லை. எந்த மருந்தால் செத்த பாசியும் தான் சேர்த்துவைத்த பாஸ்பேட்டையெல்லாம் அதே தண்ணீரில்தான் விட்டுவிட்டுச் சாகிறது.

ஏற்கெனவே பாறை முழுக்க முடிப்பாசி இருக்கிறது, வலை மட்டும் கட்டினால் போதுமா என்றால், போதாது. இருப்பதைக் கையால்தான் எடுக்க வேண்டும். பம்புகளை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பிய்த்த ஒவ்வொரு துணுக்கும் இன்னொரு பாறையில் போய் முளைக்கும். அரை அங்குலக் குழாயின் வாயைப் பாசிக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, மற்ற கையால் அடியோடு முறுக்கி இழுத்து, இழுத்த கையோடு குழாய்க்குள் விட்டுவிடுங்கள். தண்ணீர் மாற்றும் நாளில் இதைச் செய்தால் வாளியில் இறங்கும் தண்ணீரும் வீணாகாது. ஒரே நாளில் முழுத் தொட்டியையும் மொட்டையடிக்காமல், ஒரு வாரத்துக்கு ஒரு பாறை என்று போங்கள். பாறை வெறுமையானதும் ஓரா வந்து கட்டையாக நிற்கும் நுனிகளை மேய ஆரம்பிக்கும். நீளமாக இருந்தபோது அது வாய்கூட வைத்திருக்காது. முடிந்ததும் பம்பைப் போடுங்கள், சம்ப்பின் துணிப்பையை மறுநாளே மாற்றிவிடுங்கள்.